உன் அப்பாவைக் கூட்டிப்போக ஒரு பேட்டரி கார்

அன்புள்ள அப்பு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு நான் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கோபமாகப் பேசவில்லை. என்மேல் இருக்கிற அக்கறையில்தான் பேசினாய், அது எனக்குப் புரிகிறது. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா கார்? அதுவும் பேட்டரி கார்?" என்று கேட்டாய். யார் ஓட்டுவது, எங்கே சார்ஜ் போடுவது, வழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாய். நான் முதல் கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்கு யாரோ வந்துவிட்டார்கள், அப்புறம் பேசுகிறேன் என்றாய். போனில் எனக்கு எப்போதும் இப்படித்தான் ஆகிறது. இத்தனை வருடம் வகுப்பில் நின்று பாடம் நடத்தியவளுக்கு ஒரு விஷயத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு போனால்தான் மனசு ஆறும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் திவ்யாவும் பெங்களூரில் ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். அவசரமில்லை.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை, வாரத்தில் மூன்று நாள் திண்டுக்கல்லுக்குப் போய் டயாலிசிஸ் செய்கிறோம் என்பது உனக்குத் தெரியும். அந்த நாள் எப்படிப் போகிறது என்பது தெரிய வாய்ப்பில்லை. நீ லீவில் வந்தபோது ஒருமுறைதான் கூட வந்தாய். சித்தையன்கோட்டையிலிருந்து காலையில் கிளம்பும்போது அப்பா நன்றாகத்தான் இருப்பார். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. போகிற வழியில் செம்பட்டியில் எந்தத் தோட்டத்தில் வாழை சாய்ந்திருக்கிறது, யார் தென்னைக்குத் தண்ணீர் விடாமல் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்த பிறகு அவர் வேறு மனிதர். முகம் வெளுத்திருக்கும். கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வார், ஆனால் பிடித்திருப்பது வெளியே தெரியக் கூடாது என்று பார்ப்பார்.

ஆரம்பத்தில் பஸ்ஸில் போய் வந்தோம். பிறகு நம் ஊர் முருகேசனின் வாடகைக் கார். பழைய டீசல் வண்டி. முருகேசன் தங்கமான பிள்ளை, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் திரும்பி வரும்போது அந்த டீசல் வாடையும் வண்டியின் அதிர்வும் அப்பாவுக்கு ஆகவில்லை. ஊர் வந்து சேர்வதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். அதற்காகவே பையில் பாலித்தீன் உறை வைத்திருப்பார். ஒருநாள் உறையை எடுப்பதற்குள் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முருகேசன் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க, நிற்கவே தெம்பில்லாத மனுஷன் வாளியில் தண்ணீர் எடுத்து வந்து வண்டிக்குள் கிடந்த கால்மிதியைத் தானே கழுவினார். நான் அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கப் போனதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் விலகிக்கொண்டேன்.

முகூர்த்த நாளில் முருகேசனுக்குக் கல்யாணச் சவாரி வந்துவிடும். அவன் பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. அப்படி ஒரு முகூர்த்தத்தன்று, தனக்குப் பதிலாக வேறு வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். அந்த வண்டி வரவில்லை. பஸ்ஸில் போனோம். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது கல்யாணக் கூட்டம். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள், அப்பா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றார். செம்பட்டி வருவதற்குச் சற்று முன்பு கம்பியிலிருந்து கை நழுவி, அப்படியே என் காலடியில் சரிந்தார். கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். நாலு பேர் தூக்கி வந்து ஒரு டீக்கடை பெஞ்சில் கிடத்தினார்கள். கால்களைத் தூக்கிப் பிடித்து, முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகு கண் திறந்தார். திறந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ஸு நமக்காகவா நிக்கிது? போகச் சொல்லு டீச்சர்."

இதை அன்று மாலையே உனக்குச் சொன்னேன். நீ உடனே மாத வாடகைக்கு ஒரு வண்டியை நிரந்தரமாகப் பேசிவிடுங்கள், பணம் நான் அனுப்புகிறேன் என்றாய். நல்ல பிள்ளை செய்கிற காரியம்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை, டயாலிசிஸ் நாளன்று, அப்பா வேட்டி கட்டவில்லை. கைலியோடு தோட்டத்துக்குப் போய்விட்டார். தேடிப் போனால், "இன்னைக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, செவ்வாக்கெழம போய்க்கலாம்" என்றார். எவ்வளவு சொல்லியும் வரவில்லை. திங்கட்கிழமை கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். முருகேசனை அவசரமாகக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவரை ஒன்றும் சொல்லாமல் என்னைத் திட்டினார். நுரையீரலில் நீர் சேர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து அவரிடம் கேட்டேன். ஊசி வலிக்கிறதா, மெஷினைப் பார்த்துப் பயமா, என்னதான் கஷ்டம், எனக்குச் சொல்லுங்கள் என்றேன். கீரைக்கட்டைப் பிரித்து ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "ஊசி என்ன ஊசி. ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் வாசல்ல போயி நிக்க வேண்டியிருக்குல்ல. இன்னைக்கு வாரியாப்பா, நாளைக்கு வாரியாப்பான்னு. அதான் ஏல மாட்டேங்குது."

அப்பு, இத்தனை மாதமாக நான் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று பார்த்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. மாத வாடகை வண்டி என்றாலும் அதை ஓட்டுகிற பிள்ளைக்கு ஒரு நல்லது கெட்டது வந்தால் இவர் போய் நிற்கத்தான் வேண்டும். தன் வாழ்நாளில் யாரிடமும் ஒரு மண்வெட்டிகூட இரவல் கேட்காதவர்.

பேட்டரி காரை நாங்கள் தேடிப் போகவில்லை. அதுவாக வந்தது. டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிடுவோம். அதில் கமலா என்று ஒருவர். கொடைரோட்டுக்காரர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் அண்ணனைத் தானே பேட்டரி காரில் கூட்டி வருவார். ஒருநாள் முருகேசன் வண்டி பழுதாகி வர முடியாமல் போனபோது, அவர் எங்களை ஏற்றிக்கொண்டார். கொடைரோட்டுக்கு நம் ஊர் வழியாகப் போவது பெரிய சுற்று. சார்ஜ் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றார். சின்ன வண்டிதான். கமலாவின் அண்ணன் முன்னால் உட்கார, நாங்கள் பின்னால் ஏறினோம். கிளம்பிவிட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை, ஜன்னலுக்கு வெளியே சுவர் நகர்ந்த பிறகுதான் தெரிந்தது. நான் வழக்கம்போல உறையைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தேன். செம்பட்டி தாண்டியும் அது தேவைப்படவில்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா தூங்கிக்கொண்டிருக்கிறார். நோய் வந்த பிறகு ஓடுகிற வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். கமலாவிடம் சார்ஜ் போடும் இடத்தைத் திறந்து காட்டச் சொன்னார். எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. நீ என் வயிற்றில் இருந்தபோது நம் கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகை வீட்டுக்குள் வந்தால் எனக்குக் குமட்டும், எழுந்து தெருவுக்கு ஓடுவேன். அப்போதுதான் நமக்கு மோட்டாருக்குக் கரண்ட் இணைப்பு கிடைத்தது. அக்கம்பக்கத் தோட்டக்காரர்கள், கரண்டை நம்பாதே, நட்ட பயிர் காய்ந்துவிடும் என்றார்கள். இன்ஜினை உடனே விற்றுவிடு என்றவர்களும் உண்டு. அப்பா இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டார். ஒரு வருடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார். மோட்டார் எப்போது நிற்கிறது, நின்றால் பயிர் எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்துத் தெரிந்துகொண்டுதான் இன்ஜினை விற்றார். புதுசு என்று பாயவும் மாட்டார், புதுசு என்று பயப்படவும் மாட்டார். கமலாவின் வண்டியை அவர் சுற்றி வந்ததும் அந்த முகத்தோடுதான்.

அதற்குப் பிறகு, பேட்டரி கார் என்று நான் பேச்செடுத்ததும் நீ அனுப்பிய வீடியோக்களை இருவரும் சேர்ந்து பார்த்தோம். நடுரோட்டில் பேட்டரி வண்டி தீப்பிடித்து எரிவதை அப்பா மிகவும் கவனமாகப் பார்த்தார். முடிந்ததும், "பெட்ரோல் வண்டி எரிஞ்சா யாரும் வீடியோ எடுக்க மாட்டாங்கபோல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் உன் கேள்விகளை நாங்கள் தள்ளிவிடவில்லை. பைபாஸ் ரோட்டில் இருக்கிற ஒரு ஷோரூமுக்குப் போனோம். அங்கே விற்பனைக்கு இருந்த பெண், உன்னைவிடச் சின்னவள், ஒரு முழு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு கணக்குச் சொன்னாள். நான், சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு, பின்சீட்டிலும் ஆள் இருந்தால் எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு நன்றாகவே குறைத்துச் சொன்னாள். அந்தக் குறைத்த கணக்கிலும் நம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, மறுபடியும் ஒருமுறை போய் வரலாம். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

முடியாததையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதை நம்பி வேளாங்கண்ணிக்கு ஒரே மூச்சில் போக முடியாது. கொடைக்கானல் மலை ஏறினால் சார்ஜ் சட்டென்று இறங்கும். ரிப்பேர் என்றால் நம் ஊர் மெக்கானிக் கைவைக்க மாட்டார், திண்டுக்கல்லுக்குத்தான் வர வேண்டும். சில வருடம் கழித்து விற்கப் போனால் நல்ல விலை கிடைக்குமா என்பது சந்தேகம். நீ சொன்ன பழைய பெட்ரோல் கார் இதைவிட மலிவு, அதையும் யோசித்தேன். ஆனால் வாந்தி வராமல் ஒரு மனுஷன் தூங்கிக்கொண்டு வந்ததை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் இதைவிட நல்ல பேட்டரி வரும் என்றாய். வரட்டும் அப்பு. உனக்கு இரண்டு வருடம் என்பது பொறுக்கிற காலம். எங்களுக்கு அப்படி இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் சார்ஜ் போட வசதி பார்க்க எலக்ட்ரீசியனை வரச் சொன்னோம். நம் வீட்டு ஒயரிங் பழசு, மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக ஒரு லைன் இழுக்க வேண்டும், புதிதாக எர்த் குழி தோண்ட வேண்டும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, பின்னால்தான் பம்புசெட் இருக்கிறதே, அதிலிருந்து ஒரு ஒயர் இழுத்துவிட்டால் காலத்துக்கும் கரண்ட் பில்லே வராது, நிறையப் பேர் செய்கிறார்கள் என்றார். அப்பா கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "அது வெள்ளாமைக்குக் குடுத்த கரண்டு. அதுல கார் ஓட்டக் கூடாது. நீங்க வீட்டு லைன்லயே இழுங்க தம்பி." அவ்வளவுதான், திரும்பப் படுத்துக்கொண்டார். எலக்ட்ரீசியன் அளவெடுக்கப் போய்விட்டார்.

இனி, நீ வரிசையாகக் கேட்டதில் முதல் கேள்வி. யார் ஓட்டுவது? நான்தான். செம்பட்டியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டு, லைசென்சும் வாங்கிவிட்டேன். உனக்குச் சொல்லாததற்குக் காரணம், சொல்லியிருந்தால் நீ தடுத்திருப்பாய், நீ தடுத்தால் நான் நின்றிருப்பேன். அந்த ஸ்கூல் வண்டியில் கிளட்சு, கியர் எல்லாம் உண்டு. என் முட்டிக்கு அது பெரிய பாடு. மேடு ஏறுகிற இடத்தில் எல்லாம் வண்டியை அணைத்துவிடுவேன், பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே என்னை ரோட்டோரம் இறக்கிவிடுவார்கள். என்னிடம் படித்த ஒருவனே ஒருநாள் பின்னால் பைக்கில் வந்து, "டீச்சர், பதறாதீங்க, மெதுவா எடுங்க" என்று சொல்லிவிட்டு, நான் எடுக்கும்வரை நின்று போனான். மாலையில் நம் கோயில் மைதானத்தில் பழகும்போது அப்பா வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் பின்னால் எடுக்கும்போது மட்டும் கையைத் தூக்கிக் காட்டுவார்.

இவ்வளவும் ஆன பிறகு, வாங்கிவிடலாம் என்று நான் சொன்ன அன்றுதான் அவர் வேண்டாம் என்றார். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. உப்பில்லாத காய்கறி வெஞ்சனத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "நான் எம்புட்டு நாளைக்கு இருப்பேன்னு தெரியல. எனக்குன்னு வாங்கி, அப்புறம் அது வாசல்ல சும்மா நிக்கும். தெனமும் அதப் பாத்துக்கிட்டு நீ ஒக்காந்திருப்ப. எதுக்கு?"

அப்பு, டாக்டர் திட்டியபோதுகூட நான் அழவில்லை. அன்று தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன். "உங்களுக்காக மட்டும்னு யாரு சொன்னா? எனக்கும் வயசாகுதுல்ல. நாளைக்கு எனக்கு முட்டி ஏலாமப் போனா, நான் யாரு வாசல்ல போயி நிக்கிறது?" என்றேன். பிறகு அவர், ஷோரூம்காரர்களை வண்டியைக் கொண்டுவரச் சொல், பார்க்கலாம் என்றார்.

டெஸ்ட் டிரைவ் என்றால் அவர்கள் வழக்கம் பைபாஸில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவதுதான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அப்பாவை ஏற்றி நான் ஓட்டுகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போய் மதியம் திரும்ப வேண்டும், அப்போதுதான் எங்களுக்குத் தெரியும் என்றேன். அந்தப் பெண் மேனேஜரிடம் பேசி அனுமதி வாங்கி, தானே கூட வந்தாள். கியர் இல்லாததால் என் முட்டிக்கு வேலையே இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தபோது, பூக்கூடையைத் தலையில் வைத்திருந்த ஒருவர் திரும்பிப் பார்க்காமலேயே ரோட்டுக்கு இறங்கிவிட்டார். வண்டி வருவது அவருக்குக் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தேன். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் கொஞ்சம்தான் இடம் இருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு, என்னால் முடியாது, நீயே ஓட்டு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கதவைத் திறக்கப் போனாள். அப்பா அவளைக் கைகாட்டி நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "வண்டிக்குச் சத்தம் இல்ல, அதான். கூட்டம் பாத்தா ஹாரன் அடி. செத்த நேரம் ஒக்காரு. அப்புறம் எடு." தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அவருக்கு அளவாக எடுத்துவந்த தண்ணீர் அது. ஒரு வாய் குடித்தேன். பிறகு எடுத்தேன்.

திரும்பி வரும்போது அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். செம்பட்டியில் வீட்டுப் பக்கம் திரும்பப் போனபோது கண்ணைத் திறக்காமலேயே, "ஆத்தூர் அணைப் பக்கம் போயிட்டுப் போலாமா?" என்று கேட்டார். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு ஆஸ்பத்திரி தவிர வேறு ஓர் இடத்துக்குப் போகலாம் என்று அவர் வாயால் நான் கேட்டதில்லை. அந்தப் பெண் சார்ஜைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். அணைக்கரையில் நிழல் பார்த்து நிறுத்தினேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, இறங்காமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று அளந்து குடிக்கிற மனுஷன் அவ்வளவு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு என்ன நினைத்தாரோ. கேட்கத் தோன்றவில்லை. கிளம்பும்போது, "பிரேக்க மட்டும் கொஞ்சம் மெதுவா மிதி. மத்தபடி நல்லாத்தான் ஓட்டுற" என்றார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீயும் அங்கே ஒரு பேட்டரி கார் வாங்கிவிடாதே. நீ இருப்பது அடுக்குமாடியில், சார்ஜ் போட இடம் இல்லை, மாதத்துக்கு ஒருமுறையாவது தூரப் பயணம் போகிறாய். உனக்கு வேறு கணக்கு. எங்களுக்குச் சரியாக இருப்பது உனக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை, உனக்குத் தெரிந்த கணக்கு எங்களுக்குப் பொருந்தவும் வேண்டியதில்லை. நான் உனக்குச் சொல்ல நினைப்பது காரைப் பற்றியே அல்ல. நாளைக்குத் திவ்யாவுக்கோ, உங்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கோ ஒரு கஷ்டம் என்றால், நீ உடனே அதற்கு வழி தேட ஓடுவாய். எனக்குத் தெரியும், என் பிள்ளை நீ. ஓடுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, எது முடியவில்லை என்று அவர்களையே கேள். நாம் நினைத்தது ஒன்றாகவும் அவர்கள் சொல்வது வேறாகவும் இருக்கும். நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஷோரூமில் இறங்கினோம். வெள்ளை நிறம் போதும், வெயில் தாங்கும் என்று அப்பா சொன்னார். அந்தப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யார் பெயரில் போட வேண்டும் என்று கேட்டாள். நம் வீடு, தோட்டம், கேஸ் இணைப்பு எல்லாமே அவர் பெயரில்தானே இருக்கிறது. நான் வழக்கம்போல அவருடைய ஆதாரை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர் பேர்ல போடும்மா" என்றார்.

எதற்கு என்று நான் கேட்டேன். அவர் வெளியே நிறுத்தியிருந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டே, மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில் சொன்னார்: "ஓட்டப் போறது நீதான. அப்புறமா பேர் மாத்தணும்னு ஆபீஸ் ஆபீஸா நீ அலையக் கூடாது."

அந்தப் பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. எனக்காகச் செய்ய வேண்டிய ஒரு வேலையை மறக்காமல் செய்து முடித்த நிம்மதிதான் இருந்தது. நான் என் ஆதாரை எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. பரவாயில்லை டீச்சர் என்று அவள் வேறொரு தாளை எடுத்து வைத்தாள். இரண்டாவது முறை ஒழுங்காகப் போட்டேன். பிறகு நேரமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம்.

ஆகவே, வாங்கலாமா என்று உன்னிடம் கேட்பதற்காக இதை எழுதவில்லை, அப்பு. வாங்கியாயிற்று. அடுத்த மாதம் வண்டி வந்துவிடும், சார்ஜ் லைன் இழுத்து முடித்தாயிற்று. கிறிஸ்துமஸுக்கு நீயும் திவ்யாவும் ரயிலில் வாருங்கள். கொடைரோட்டில் இறங்கினால் வாடகைக் கார் பிடிக்க வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் நான் வண்டியோடு நிற்பேன். நீங்கள் இருவரும் பெட்டியை வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். முன் சீட்டில் அப்பா உட்கார்ந்திருப்பார்.

அன்புடன்,
அம்மா